எலுமிச்சைத் தோட்டத்தைக் குத்தகைக்கு எடுக்க பர்சனல் லோன் போடலாமா? கையெழுத்துக்கு முன்னாடி பார்க்க வேண்டிய ஒரு நம்பர்

நம்ம சேனல்ல வழக்கமா மியூச்சுவல் ஃபண்ட், இன்ஷூரன்ஸ், டேக்ஸ் பத்திப் பேசுவோம். இன்னிக்குக் கொஞ்சம் மாறி, எலுமிச்சை, மாங்காய், வாழை பத்திப் பேசப் போறோம். ஆனா விஷயம் நம்ம பணம்தான்.

போன மாசம் ஊருக்குப் போயிருந்தேன். சுரண்டை பஸ் ஸ்டாண்ட் பக்கத்துல டீ குடிச்சிட்டு இருந்தப்போ, நம்ம சேனல் பார்க்கிற ஒரு தம்பி வந்து பேசினான். சொந்த ஊர் சுரண்டைதான். சென்னையில ஐடி வேலை. பிடித்தம் போக கைக்கு 48,000 ரூபாய் வருது. வாடகை, சாப்பாடு, வீட்டுக்கு அனுப்புறது எல்லாம் போக மாசம் 12,000 மிச்சம்.

"அண்ணே, புளியங்குடி பக்கம் ஒரு எலுமிச்சைத் தோட்டம் அஞ்சு வருஷக் குத்தகைக்கு வருது. மொத்தப் பணம் 9 லட்சத்தையும் முன்னாடியே கேக்காங்க. பர்சனல் லோன் போட்டு எடுத்துரலாம்னு இருக்கேன். செலவு போக வருஷத்துக்கு சராசரி ரெண்டரை லட்சம் நிக்குமாம். இஎம்ஐ அதுலயே அடைஞ்சிரும்லா?"

கேட்க நல்லாத்தான் இருந்துச்சு. 9 லட்சம், 12 சதவீத வட்டி, 5 வருஷம்னா இஎம்ஐ சுமார் 20,020 ரூபாய். வருஷத்துக்கு ஏறக்குறைய 2 லட்சத்து 40 ஆயிரம். வரவு இரண்டரை லட்சம், செலவு 2.40 லட்சம். கணக்கு சரியாத்தானே இருக்கு?

நான் அவன்கிட்ட ஒண்ணே ஒண்ணுதான் கேட்டேன். "சராசரி ரெண்டரைங்கிறாங்க சரி, ரொம்ப மோசமான வருஷத்துல எவ்வளவு நின்னுச்சு?"

அவனுக்குத் தெரியல. தோட்டக்காரரும் சொல்லல. இந்தப் பதிவு முழுக்க அந்தக் கேள்வியைப் பத்தித்தான்.

வளர்ச்சி வேற, நிலைத்தன்மை வேற

ஒரு பயிரைப் பத்தி ஆராய்ச்சி பண்றவங்க ரெண்டு கேள்வி கேப்பாங்க. ஒண்ணு, உற்பத்தி வருஷா வருஷம் ஏறுதா, இறங்குதா? இது போக்கு. ரெண்டு, அந்தப் போக்கைச் சுத்தி எவ்வளவு ஆட்டம் போடுது? இது நிலைத்தன்மை.

நமக்கு முதல் கேள்விக்கான பதில் மட்டும்தான் காதுல விழும். இந்தியாவில் 2012-13 முதல் காய், பழம் உள்ளிட்ட தோட்டக்கலை உற்பத்தி, உணவு தானிய உற்பத்தியைத் தாண்டி நிக்குது. மாம்பழத்திலும் வாழையிலும் உலகத்திலேயே அதிகம் விளைவிக்கிறது நாமதான். இதெல்லாம் உண்மை. ஆனா நாடு முழுக்கக் கூட்டிப் பார்த்தா ஒரு ஊர்ல விழுந்தது இன்னொரு ஊர்ல ஏறி சமன் ஆகிடும். நீங்க குத்தகைக்கு எடுக்கிறது நாட்டை இல்ல, ஒரு தோட்டத்தை. அங்க சமன் பண்ண யாரும் இல்ல.

ஒரு கற்பனைக் கணக்கு பார்ப்போம். ரெண்டு தோட்டம். செலவு போக கையில் நிக்கிற தொகை, லட்சத்தில்:

- முதல் வருஷம்: தோட்டம் அ 2.3, தோட்டம் ஆ 1.0
- இரண்டாம் வருஷம்: அ 2.4, ஆ 4.5
- மூன்றாம் வருஷம்: அ 2.5, ஆ 0.8
- நான்காம் வருஷம்: அ 2.5, ஆ 3.7
- ஐந்தாம் வருஷம்: அ 2.6, ஆ 2.5

அஞ்சு வருஷ மொத்தம் அ-வுக்கு 12.3 லட்சம், ஆ-வுக்கு 12.5 லட்சம். சராசரி 2.46, 2.5. சராசரியை மட்டும் பார்த்தா ஆ தான் ஒரு படி மேல.

இப்போ வருஷா வருஷம் 2.40 லட்சம் இஎம்ஐ கழிச்சுப் பாருங்க. அ தோட்டத்துல முதல் வருஷம் 10,000 துண்டு விழும், அவ்வளவுதான். ஆ தோட்டத்துல முதல் வருஷமே 1 லட்சத்து 40 ஆயிரம் துண்டு. மாசத்துக்குப் பிரிச்சா சுமார் 11,700. தம்பியோட மொத்த மிச்சமே 12,000. அதாவது அந்த வருஷம் எஸ்ஐபி கிடையாது, எமர்ஜென்சி ஃபண்ட் கிடையாது. வீட்டுல ஒருத்தருக்கு உடம்பு சரியில்லன்னா கிரெடிட் கார்டுதான். அதுக்கு வருஷ வட்டி 36 சதவீதத்துக்கு மேல கூடப் போகும்.

ரெண்டாம் வருஷம் 2 லட்சத்து 10 ஆயிரம் கூடுதலா வருதே, அதை வெச்சு மூணாம் வருஷத்தைச் சமாளிக்கலாம்னு தோணும். அந்தப் பணத்தைத் தொடாம வெச்சிருந்தா சமாளிக்கலாம்தான். நம்மள்ல எத்தனை பேர் வெச்சிருப்போம், சொல்லுங்க? நல்ல வருஷத்துப் பணம் பைக்கா மாறும், இல்லன்னா தங்கச்சி கல்யாணத்துக்குப் போகும். மூணாம் வருஷம் 1.60 லட்சம் துண்டு விழும்போது கையில ஒண்ணும் இருக்காது.

அந்த ஒரு நம்பர்

இந்த ஆட்டத்தை அளக்க ஒரு எளிய வழி இருக்கு. மாறுபாட்டுக் கெழு. ஒவ்வொரு வருஷமும் சராசரியிலிருந்து எவ்வளவு விலகிப் போகுதுன்னு திட்டவிலக்கம் கணக்கு பண்ணி, அதைச் சராசரியால வகுத்து, நூறால பெருக்கணும். எக்ஸெல்ல ரெண்டு ஃபார்முலா போட்டா வந்துடும். நம்ம கணக்குல அ-வுக்கு 4 சதவீதம், ஆ-வுக்கு 58 சதவீதம். சராசரி கிட்டத்தட்ட ஒண்ணுதான், ஆட்டம் பதினாலு மடங்கு.

இதுல ஒரு சின்னக் குறை இருக்கு. ஒரு தோட்டம் வருஷா வருஷம் சீரா ஏறிக்கிட்டே போனாலும், சராசரியிலிருந்து விலகுதுன்னு இந்தக் கெழு அதையும் ஆட்டமாக் கணக்கு பண்ணிடும். உங்களுக்கு வருஷா வருஷம் சம்பள உயர்வு வருது, அதை "நிலையில்லாத வருமானம்"னு சொல்லுவோமா? இதைச் சரி பண்ண 1978-ல் ஜான் கடி, டெல்லா வல்லே என்கிற ரெண்டு பொருளியலாளர்கள் ஒரு குறியீடு கொடுத்தாங்க. சீரான ஏற்றத்தைக் கழிச்சிட்டு மிச்சம் இருக்கிற ஆட்டத்தை மட்டும் அது அளக்கும். பயிர் ஆய்வுகள்ல இன்னிக்கும் இதைத்தான் அதிகம் பயன்படுத்துறாங்க. பொதுவா 15 வரைக்கும் குறைவு, 15-லிருந்து 30 நடுத்தரம், 30-க்கு மேல அதிகம்னு பிரிப்பாங்க.

நம்ம அ தோட்டம் சீரா ஏறுறதால 4-லிருந்து ஏறக்குறைய 1-க்கு வந்துடும். ஆ தோட்டத்துல சீரான போக்கே இல்ல, அதனால 58 அப்படியே நிக்கும். பழைய பில்லு கிடைச்சா உங்க தோட்டத்துக்கும் இதைப் போட்டுப் பாருங்க.

பழப்பயிர் ஏன் இவ்வளவு ஆடுது?

முதல் காரணம் மழை. நம்ம தென்காசி மாவட்டம் வித்தியாசமான இடம். ஜூன், ஜூலையில குற்றாலத்துல அருவி கொட்டும். அங்கிருந்து சுமார் இருபது கிலோமீட்டர் தள்ளி சுரண்டையில வெறும் காத்தும் சாரலும்தான். நமக்கு முக்கியமான மழை ஐப்பசி, கார்த்திகையில வடகிழக்குப் பருவத்துல வரணும். அதோட அடவிநயினார், கருப்பாநதி மாதிரி அணைகள்ல தண்ணி இருக்கணும், குளம் பெருகணும். எலுமிச்சை கொஞ்சம் வாடி, அப்புறம் தண்ணி கிடைச்சாத்தான் நல்லாப் பூக்கும். பூத்துக் காய் பறிக்க அஞ்சாறு மாசம் ஆகும். பூக்கிற நேரத்துல மழை விடாம பெஞ்சாலும் போச்சு, பெய்யாம விட்டாலும் போச்சு.

ரெண்டாவது காரணம் மரத்தோட குணம். மாமரத்துல பல ரகங்கள் ஒரு வருஷம் கொத்துக் கொத்தா காய்ச்சா அடுத்த வருஷம் ஓய்வு எடுத்துக்கும். அதனால ஒரே ஒரு வருஷத்துக் கணக்கைக் காட்டி யாராவது தோப்பு பேசினா, அது காய்ப்பு வருஷமான்னு கேளுங்க. நீலம் மாதிரி சில ரகங்கள் மட்டும் கிட்டத்தட்ட எல்லா வருஷமும் காய்க்கும்.

மூணாவது காரணம் விலை. இதுதான் பலரைக் கவுத்துடுது. ரெண்டு உண்மைச் சம்பவம் சொல்றேன்.

2022 ஏப்ரல்ல எலுமிச்சை நாட்டின் பல சந்தைகளில் கிலோ 200 ரூபாயைத் தாண்டுச்சு. புளியங்குடியை எலுமிச்சை நகரம்னே சொல்லுவாங்க, அங்க எல்லாரும் கோடீஸ்வரர் ஆகியிருக்கணுமே? ஆகல. விலை ஏறினதே மரத்துல காய் இல்லாததாலதான். அதுக்கு முந்தைய வருஷம் மழை விடாம பெஞ்சு பல பகுதிகள்ல பூ கெட்டுப்போச்சு. அப்புறம் 2022 மார்ச், இந்தியாவில் 122 வருஷத்துல பதிவான மிக வெப்பமான மார்ச். காய் இருந்தவங்களுக்கு நல்ல காசு. காய் இல்லாதவங்களுக்கு 200 ரூபாய் விலை வெறும் செய்திதான்.

இதுக்கு நேர் எதிர் 2025 கோடையில நடந்துச்சு. நாம கிளிமூக்குன்னும் பெங்களூரான்னும் சொல்ற மாங்காய், கூழ் ஃபேக்டரிகளுக்குப் போற ரகம், நல்லா விளைஞ்சது. ஃபேக்டரிகள் வாங்கல, விலை சரிஞ்சது. ஆந்திர அரசு கிலோவுக்கு 12 ரூபாய் நிர்ணயிச்சு, அதுல 8 ரூபாய் ஃபேக்டரி, 4 ரூபாய் அரசுன்னு அறிவிக்க வேண்டி வந்துச்சு. கர்நாடக விவசாயிகளுக்கு மத்திய அரசு குவிண்டாலுக்கு 1,616 ரூபாய்னு சந்தைத் தலையீட்டுத் திட்டத்தை அனுமதிச்சது. நம்ம கிருஷ்ணகிரி விவசாயிகளும் விலை கேட்டுப் போராடினாங்க. விளைச்சல் அமோகம், கையில காசு இல்ல.

அதனால "உற்பத்தி கூடியிருக்கு"ங்கிற செய்தியும் "விலை ஏறியிருக்கு"ங்கிற செய்தியும் தனியாப் பார்த்தா உங்களுக்கு ஒண்ணும் சொல்லாது. ரெண்டையும் பெருக்கி, செலவைக் கழிச்சு, அஞ்சு வருஷம் வரிசையா வெச்சுப் பார்த்தாத்தான் உண்மை தெரியும்.

எல்லாரும் நடும்போது கொஞ்சம் யோசிங்க

உற்பத்தி ஏறுறதுக்கு ரெண்டு வழி. ஒரு ஏக்கருக்கு விளைச்சல் கூடலாம். இல்லன்னா நட்ட ஏக்கர் கூடலாம். முதல் வழி நல்லது. ரெண்டாவது வழியில ஒரு பொறி இருக்கு.

விலை நல்லா இருக்குன்னு இந்த வருஷம் ஆயிரம் பேர் கன்னு நடுறாங்கன்னு வைங்க. எலுமிச்சை காய்ப்புக்கு வர மூணு நாலு வருஷம் ஆகும். அத்தனை தோட்டமும் ஒரே நேரத்துல காய்க்கும், விலை விழும். வெறுத்துப்போய் சிலர் மரத்தை வெட்டுவாங்க. அப்புறம் காய் குறையும், விலை ஏறும், மறுபடி நடுவாங்க. பொருளாதாரத்துல இதுக்குச் சிலந்தி வலைன்னு பேர். 1934-ல் நிக்கோலஸ் கால்டோர் வெச்ச பேர் அது. நீங்க குத்தகைக்கு எடுக்கிற வருஷம் இந்தச் சுத்துல எந்த இடம்னு தெரியணும். ஏரியாவுல புதுசா கன்னு நிறைய நட்டிருந்தா, உங்க மூணாம் நாலாம் வருஷத்து விலையை இப்பவே குறைச்சுப் போட்டுக்கோங்க.

கணக்கை எங்க சரிபார்க்கிறது?

தமிழ்நாட்டுல பொருளியல் மற்றும் புள்ளியியல் துறை வருஷா வருஷம் பருவம் மற்றும் பயிர் அறிக்கை வெளியிடுது. மாவட்ட வாரியா எந்தப் பயிர் எத்தனை ஹெக்டேர்னு அதுல இருக்கும். சந்தை விலைக்கு மத்திய அரசோட அக்மார்க்நெட் இணையதளம் இருக்கு. ரெண்டும் இலவசம்.

ஆனா ஒரு எச்சரிக்கை. தென்காசி தனி மாவட்டமா பிரிஞ்சது 2019 நவம்பர் 22. அதுக்கு முன்னாடி நம்ம கணக்கெல்லாம் திருநெல்வேலியோட சேர்ந்துதான். 2015-லிருந்து 2023 வரை திருநெல்வேலி எலுமிச்சையை வரைபடம் போட்டா, நடுவுல ஒரு பெரிய பள்ளம் தெரியும். மரம் செத்ததால வந்த பள்ளம் இல்ல அது, மாவட்டம் பிரிஞ்சதால வந்தது. பத்து வருஷப் போக்கு வேணும்னா 2019-க்கு அப்புறமும் ரெண்டு மாவட்டத்தையும் கூட்டித்தான் பார்க்கணும். இது தெரியாம "திருநெல்வேலியில எலுமிச்சை அழியுது, தென்காசியில திடீர்னு வளருது"ன்னு யாராவது சொன்னா சிரிச்சிட்டுப் போங்க.

மாவட்டக் கணக்கை விட முக்கியமானது அந்தத் தோட்டத்தோட சொந்தக் கணக்கு. தோட்டக்காரர் எந்தக் கமிஷன் கடைக்குக் காய் போடுறாரோ, அந்தக் கடை பில்லு அஞ்சு வருஷத்துக்குக் கேளுங்க. வாய்க்கணக்கு வேண்டாம். பறிப்புக் கூலி, உரம், மருந்து, மோட்டார் ரிப்பேர், வண்டி வாடகை, கமிஷன் எல்லாம் கழிச்சுத்தான் "நிக்கிறது"ன்னு சொல்லணும்.

கையெழுத்துக்கு முன்னாடி அஞ்சு விஷயம்

1. இஎம்ஐ-யைச் சராசரியோட ஒப்பிடாதீங்க. அஞ்சு வருஷத்துல ரொம்ப மோசமான வருஷத்தோட ஒப்பிடுங்க. அந்த வருஷத்துலயும் சம்பளத்தைத் தொடாம கட்ட முடியும்னா தைரியமா இறங்கலாம்.

2. முடியாதுன்னா, குறைஞ்சது ஒரு வருஷ இஎம்ஐ முழுசா தனியா ஒரு எஃப்டியில இருக்கணும். இது உங்க வழக்கமான எமர்ஜென்சி ஃபண்டுக்கு மேல. இஎம்ஐ அடுத்த மாசமே ஆரம்பிச்சிடும், காய் விற்ற காசு எப்போ வரும்னு மரம்தான் முடிவு பண்ணும்.

3. "எலுமிச்சையோட மாந்தோப்பும் சேர்த்து எடுத்தேன், ரிஸ்க் பிரிஞ்சிடுச்சு"ன்னு நினைக்காதீங்க. ரெண்டும் ஒரே கிணறு, ஒரே மழைன்னா ரெண்டும் ஒண்ணாத்தான் விழும். 2023 டிசம்பர்ல காயல்பட்டினத்துல ஒரே நாள்ல 95 சென்டிமீட்டர் மழை பெஞ்சப்போ, தாமிரபரணிக் கரை வாழைத் தோட்டங்கள் மூழ்கினது ஞாபகம் இருக்கும். அங்க நேந்திரன் போட்டவர், ரோபஸ்டா போட்டவர்னு வெள்ளம் பிரிச்சுப் பார்க்கல. மழையைச் சாராத வருமானம்தான் உண்மையான பிரிப்பு. உங்க சம்பளம் அப்படி ஒண்ணு. அதைப் பத்திரமா வெச்சுக்கோங்க.

4. பயிர்க் காப்பீடு கேட்டுப் பாருங்க. பிரதமரின் பயிர்க் காப்பீட்டுத் திட்டத்துல தோட்டக்கலைப் பயிருக்கு விவசாயி கட்டுற பிரீமியம் அதிகபட்சம் 5 சதவீதம். குத்தகைதாரரும் சேரலாம். ஆனா அறிவிக்கப்பட்ட பயிர், அறிவிக்கப்பட்ட பகுதிக்கு மட்டும்தான். உங்க கிராமத்துக்கு எது இருக்குன்னு வட்டாரத் தோட்டக்கலை அலுவலகத்துல கேளுங்க. இன்னொண்ணு, இது விளைச்சல் இழப்புக்குத்தான். விலை சரிஞ்சா காப்பீடு வராது.

5. வரி. விவசாய வருமானத்துக்கு மத்திய வருமான வரி இல்ல. ஆனா அது வருஷத்துக்கு 5,000 ரூபாயைத் தாண்டி, உங்க சம்பளமும் வரி வரம்புக்கு மேல இருந்தா, வரி விகிதம் கணக்கிட அதையும் சேர்ப்பாங்க. அதனால ரிட்டர்ன்ல கண்டிப்பா காட்டணும். நீங்களே பராமரிச்சு விளைவிச்சாத்தான் அது விவசாய வருமானம். மரத்துல இருக்கிற காயை மட்டும் மொத்தமா விலை பேசி வாங்கி வித்தா அது வியாபாரம். குத்தகைப் பத்திரத்துல இது தெளிவா இருக்கணும், ஆடிட்டர்கிட்ட ஒரு தடவை காட்டிடுங்க.

இதோட இன்னொண்ணு. "நீங்க பணம் மட்டும் கட்டுங்க, தோட்டத்தை நாங்க பார்த்துக்கிறோம், வருஷம் இத்தனை சதவீதம் நிச்சயம்"னு விளம்பரம் வந்தா விலகிடுங்க. 1990-கள்ல தேக்கு மரத் திட்டங்கள்ல நம்ம அப்பா காலத்து ஆட்கள் எவ்வளவு இழந்தாங்கன்னு வீட்டுல கேட்டுப் பாருங்க. பல பேர்கிட்ட பணம் திரட்டி நடத்துற இந்த மாதிரித் திட்டங்களுக்காகவே செபி 1999-ல் தனி விதிமுறை கொண்டு வந்துச்சு. செபி பதிவு இல்லன்னா பேச்சே வேண்டாம். நிச்சயமா காய்க்கிற மரம்னு எதுவும் இல்ல, அப்புறம் நிச்சய வருமானம் எங்கிருந்து வரும்?

அப்போ ஆ தோட்டம் மோசமா?

இல்லவே இல்ல. மேல இருக்கிற கணக்கைத் திரும்பப் பாருங்க. அஞ்சு வருஷ முடிவுல இஎம்ஐ எல்லாம் கட்டி அ தோட்டத்துல சுமார் 30,000 மிஞ்சும், ஆ தோட்டத்துல சுமார் 50,000. கடன் இல்லாம, கையில பணமும் பொறுமையும் இருக்கிறவருக்கு ஆ தான் நல்ல தோட்டம். ஆட்டம் போடுற வருமானத்துல தப்பு இல்ல. அதுமேல மாசா மாசம் ஆடாம வர்ற கடனை ஏத்துறதுதான் தப்பு.

தம்பி கதைக்கு வர்றேன். கமிஷன் கடை பில்லு கேட்டு வாங்கினான். நாலு வருஷத்துக்குத்தான் கிடைச்சது. அதுல ஒரு வருஷம் செலவு போக 90,000 தான் நின்னிருந்துச்சு. லோன் யோசனையை விட்டுட்டான். ஆனா தோட்டத்தை விடல. தோட்டக்காரர்கிட்ட உக்காந்து பேசி, மொத்தக் குத்தகைக்குப் பதிலா வாரத்துக்குக் கேட்டிருக்கான். செலவுல பாதி, காய்ல பாதி. நல்ல வருஷம் வந்தா லாபம் குறைவுதான். ஆனா காய் இல்லாத வருஷம் நஷ்டத்துலயும் பாதி அவரோடது. இவனோட 12,000-ல மாசம் 7,000 தோட்டத்துக்கு, 5,000 எஸ்ஐபிக்கு. அவங்க அப்பா வாரத்துக்கு ரெண்டு நாள் போய் தோட்டத்தைப் பார்த்துக்கிறார்.

தோட்டக்காரர் உடனே ஒத்துக்கல. பத்து நாள் கழிச்சுத்தான் சரின்னார். எனக்கு போன் பண்ணி, "அண்ணே, இப்போ மழை வரலன்னாலும் தூக்கம் வரும்ணே"ன்னு சொன்னான்.

மாறுபாட்டுக் கெழுவையும் கடி-டெல்லா வல்லே குறியீட்டையும் எக்ஸெல்ல எப்படிப் போடுறதுன்னு இந்த வார வீடியோவில் இதே ரெண்டு தோட்டத்தை வெச்சுக் காட்டியிருக்கேன். உங்க ஊர்ல இப்படி ஒரு குத்தகைப் பேச்சு ஓடுதுன்னா, முதல்ல பில்லைக் கேட்டு வாங்குங்க, அப்புறம் வீடியோவைப் பாருங்க. அடுத்த பதிவுல சந்திப்போம்.